கம்பெனி தன் பெரிய பிரிவை விற்கிறது: பங்குதாரர் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேள்வி இதுதான்: நீங்கள் பல வருடமாகப் பங்கு வைத்திருக்கும் ஒரு கம்பெனி, தன் வருமானத்தில் பாதிக்கு மேல் தரும் பிரிவை இன்னொரு கம்பெனிக்கு விற்கப் போகிறது. தபால் வாக்குக்கான அறிவிப்பு மெயிலில் வந்திருக்கிறது. நல்ல விலை கிடைத்திருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆதரித்து வாக்களிக்கலாமா, பங்கை வைத்துக்கொள்ளலாமா, விற்றுவிட்டு வெளியே வரலாமா?

விலை நன்றாக இருக்கிறதா என்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். விற்ற மறுநாள் உங்கள் கையில் இருக்கும் பங்கு வேறு ஒரு கம்பெனியின் பங்கு. பெயர் அதேதான், டீமேட் கணக்கில் எண்ணிக்கையும் அதேதான். ஆனால் உள்ளே இருப்பது ஒரு சின்னத் தொழிலும் ஒரு பெரிய பணக் குவியலும். அந்தத் தொழில் தனியாக நிற்குமா, அந்தப் பணத்தை யார் எப்படிச் செலவு செய்வார்கள், இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் விலையைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை.

இந்தியாவில் இதற்குப் பிரமல் ஹெல்த்கேரைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2010 மே மாதம் அந்தக் கம்பெனி தன் உள்நாட்டு மருந்து வியாபாரத்தை அமெரிக்காவின் அபாட்டுக்கு 372 கோடி டாலருக்கு விற்பதாக அறிவித்தது. 212 கோடி டாலர் முதலில், மீதி அடுத்த நான்கு வருடங்களுக்கு வருடம் 40 கோடி டாலர். அந்தப் பிரிவின் ஆண்டு விற்பனையைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு விலை. அந்தக் காலத்தில் இந்திய மருந்துத் துறையில் யாரும் கேள்விப்படாத விலை அது. ஆனாலும் அறிவிப்பு வந்த அன்று பங்கு விலை இறங்கியது. சந்தைக்கு விலை பிடிக்காமல் இல்லை. இவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை, அதுதான் கவலை.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். பணத்தில் ஒரு பகுதி, ஒரு பங்கு 600 ரூபாய் என்ற விலையில் பைபேக் (கம்பெனியே தன் பங்கைத் திரும்ப வாங்குவது) வழியாகப் பங்குதாரர்களிடம் திரும்பி வந்தது. மீதியில் சுமார் 5,900 கோடி ரூபாய் வோடஃபோன் இந்தியாவின் 11 சதவீதப் பங்குக்குப் போனது. அதை 2014இல் சுமார் 8,900 கோடிக்கு விற்றார்கள். ஸ்ரீராம் குழுமத்தில் முதலீடு, ரியல் எஸ்டேட் கடன், திவாலான வீட்டுக் கடன் கம்பெனி டிஎச்எஃப்எல்லை 2021இல் வாங்கியது என்று கம்பெனி வேறு திசையில் போனது. 2022இல் மிச்சமிருந்த மருந்து வியாபாரம் தனிக் கம்பெனியாகப் பிரிந்தது. பழைய கம்பெனி நிதி நிறுவனமாகிவிட்டது. மருந்துக் கம்பெனி என்று நம்பி வாங்கியவர், எதுவுமே செய்யாமல், கடன் கொடுக்கும் தொழிலில் பங்குதாரராகி நின்றார். இதில் லாபமா நட்டமா என்பது அவர் எந்த வருடம் வாங்கினார், எந்த வருடம் விற்றார் என்பதைப் பொறுத்தது. ஆனால் அவர் தேர்ந்தெடுத்த தொழில் அதுவல்ல. விற்பனையை ஆதரித்து வாக்களிக்கும்போது நீங்கள் ஒப்புக்கொள்வது இதையும் சேர்த்துத்தான்.

அதனால் அறிவிப்பைத் திறந்ததும் முதலில் விளக்க அறிக்கையில் பணத்தின் பயன்பாடு பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். "கடனை அடைக்க, வளர்ச்சி வாய்ப்புகளுக்கு, பொதுவான நிறுவனத் தேவைகளுக்கு" என்று ஒரே வரியில் முடித்திருந்தால், எதுவும் முடிவாகவில்லை அல்லது சொல்ல விரும்பவில்லை என்று அர்த்தம். இவ்வளவு கடன் அடைப்போம், இவ்வளவு டிவிடெண்டாகக் கொடுப்போம், இந்தத் தேதிக்குள் என்று எழுதியிருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. பேட்டியில் சொன்னதற்கு அந்த மதிப்பு கிடையாது. இயக்குநர் குழு முடிவெடுத்து அறிவித்த பைபேக்கே நின்றுபோனது உண்டு. எல் அண்ட் டி 2018இல் அறிவித்த 9,000 கோடி ரூபாய் பைபேக்குக்கு, அதன் பிறகு கடன் விகிதம் வரம்பைத் தாண்டும் என்ற காரணத்தால் 2019 ஜனவரியில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அனுமதி மறுத்தது.

அடுத்தது கணக்கு. தலைப்புச் செய்தியில் வரும் தொகை கம்பெனியின் கைக்கு அப்படியே வராது. ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 5 கோடி பங்குகள், பிரிவின் விலை 600 கோடி ரூபாய். பங்குக்கு 120 ரூபாய் வருகிறது என்று நினைக்கத் தோன்றும். அந்தப் பிரிவின் நிகர மதிப்பு புத்தகக் கணக்கில் 150 கோடி என்றால், 450 கோடி மூலதன ஆதாயம். மூன்று வருடத்துக்கு மேல் நடத்திய பிரிவை மொத்தமாக, சொத்து சொத்தாக விலை பிரிக்காமல் விற்பதை ஸ்லம்ப் சேல் என்பார்கள். அதற்கு 2024 ஜூலைக்குப் பிறகு நீண்டகால ஆதாய வரி 12.5 சதவீதம், கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்தால் 14 சதவீதத்துக்கு மேல். ஆக வரி சுமார் 65 கோடி. வங்கியாளர், வக்கீல் செலவு 10 கோடி என்று வைப்போம். வாங்குபவர் 60 கோடியை எஸ்க்ரோ கணக்கில், அதாவது நிபந்தனைகள் நிறைவேறும்வரை மூன்றாம் நபரிடம் இருக்கும் கணக்கில், நிறுத்தி வைக்கிறார். கம்பெனியின் கடன் 200 கோடியை அடைத்தாக வேண்டும். மிச்சம் 265 கோடி. பங்குக்கு 53 ரூபாய். 120 எங்கே, 53 எங்கே! கடன் அடைந்தது நல்லதுதான், அதுவும் உங்களுக்குச் சேர்ந்த மதிப்புதான். ஆனால் 120 ரூபாய் கையில் வரும் என்று எண்ணி யாராவது பங்கை வாங்கினால் ஏமாந்துபோவார்.

அந்த எஸ்க்ரோ தொகையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பெங்களூரைச் சேர்ந்த ஸ்ட்ரைட்ஸ் ஆர்கோலேப், ஊசி மருந்து தயாரிக்கும் அகிலா பிரிவை 2013இல் மைலானுக்கு 160 கோடி டாலருக்கு விற்றது. சில நிபந்தனைகள் நிறைவேறினால் கூடுதலாக 25 கோடி டாலர் வரை என்று பேச்சு. ஒப்பந்தம் அறிவித்ததற்கும் முடிந்ததற்கும் நடுவில், அகிலாவின் பெங்களூர் ஆலை ஒன்றுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இந்த மாதிரி நேரத்தில்தான் நிபந்தனையோடு சேர்ந்த பணம் கைக்கு வருமா என்ற சந்தேகம் எழும். உறுதியான தொகை எது, நிபந்தனைக்கு உட்பட்ட தொகை எது என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவதைப் பாதியாகவோ பூஜ்யமாகவோ வைத்துக் கணக்குப் போட்டாலும் விற்பனை நியாயமாகத் தெரிந்தால்தான் அது நல்ல விற்பனை. ஸ்ட்ரைட்ஸ் விஷயத்தில் ஒன்றைப் பாராட்டியே ஆக வேண்டும்: ஒப்பந்தம் முடிந்த அதே டிசம்பரில் பங்குக்கு 500 ரூபாய் சிறப்பு டிவிடெண்ட் கொடுத்தார்கள்.

எல் அண்ட் டி மின்சாதனப் பிரிவை ஷ்னைடருக்கு விற்றதையும் இதோடு வைத்துப் பாருங்கள். சுவிட்ச்கியர் செய்யும் அந்தப் பிரிவுக்குக் கோயம்புத்தூரிலும் ஆலை இருந்தது, தமிழ்நாட்டில் பலருக்குத் தெரிந்த பிரிவுதான். 14,000 கோடி ரூபாய், முழுக்க ரொக்கம், 2018 மே 1 அன்று அறிவிப்பு. ஷ்னைடரும் அதே தொழிலில் பெரிய ஆள் என்பதால் போட்டி ஆணையம் ஆழமாக விசாரித்தது. நிபந்தனைகளோடு 2019 ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. பணம் கைமாறி முடிந்தது 2020 ஆகஸ்ட் 31. இரண்டு வருடம் நான்கு மாதம். அதன் பிறகு பங்குக்கு 18 ரூபாய் சிறப்பு டிவிடெண்ட் வந்தது. மொத்தமாகச் சுமார் 2,500 கோடி, அதாவது விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எல் அண்ட் டி போன்ற கம்பெனிக்குப் பணத்தைப் போட வேறு தொழில் இருக்கிறது, அதை நடத்தத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது காலத்தை. வாங்குபவர் அதே துறையில் போட்டியாளராக இருந்தால் விலை கூடும், அனுமதிக்கு நாளும் கூடும். அந்த இடைவெளியில் நல்ல ஆட்கள் வேறு வேலை தேடுவார்கள், புது ஆர்டர்கள் தயங்கும். ஒப்பந்தம் நடுவில் முறிந்தால் திரும்பி வரும் பிரிவு பழைய பலத்தோடு இருக்காது. அதனால் கடைசித் தேதி என்ன, ஒப்பந்தம் முறிந்தால் யார் யாருக்கு என்ன தர வேண்டும் என்று அறிவிப்பில் இருக்கிறதா பாருங்கள்.

மிச்சம் நிற்கும் தொழிலைப் பற்றித்தான் ஆட்கள் மிகக் குறைவாக யோசிக்கிறார்கள். காலாண்டு முடிவுகளோடு பிரிவு வாரியாக வருமானமும் லாபமும் கொடுத்திருப்பார்கள். அதன் அடியில், எந்தப் பிரிவுக்கும் பகிர்ந்து எழுதாத செலவு என்று ஒரு வரி வரும். தலைமை அலுவலகம், கணினி அமைப்பு, சட்டப் பிரிவு, உயர் அதிகாரிகளின் சம்பளம் எல்லாம் அதற்குள். நம் கற்பனைக் கம்பெனியில் விற்கும் பிரிவின் லாபம் 50 கோடி, மிஞ்சும் பிரிவின் லாபம் 30 கோடி, இந்தப் பொதுச் செலவு 15 கோடி என்று வைப்போம். விற்ற பிறகு 50 போய்விடும், 15 அப்படியே நிற்கும். ஆக மிஞ்சும் லாபம் 30 இல்லை, 15. நிர்வாகம் இந்தப் பொதுச் செலவை எவ்வளவு குறைக்கப் போகிறது என்று சொல்லியிருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. கேள்வி கேட்க வேண்டிய இடம் இதுதான். கம்பெனிச் செயலாளருக்கு மெயில் போட்டுக் கேளுங்கள், ஆண்டுக் கூட்டத்தில் பேசுவதற்குப் பெயர் கொடுத்தும் கேளுங்கள். சின்ன முதலீட்டாளர் கேட்டால் பதில் வராது என்று நினைக்க வேண்டாம், நேரான கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வரும்.

கடனுக்காக விற்பதா, விருப்பப்பட்டு விற்பதா என்பது இதோடு சேர்ந்த கேள்வி. சென்னையைச் சேர்ந்த ஆர்க்கிட் கெமிக்கல்ஸின் கதை நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கடன் சுமையில் இருந்த அந்தக் கம்பெனி, இருங்காட்டுக்கோட்டை ஆலையோடு சேர்த்து ஊசி மருந்துப் பிரிவை ஹாஸ்பிராவுக்கு 40 கோடி டாலருக்கு விற்றது. 2009 டிசம்பரில் அறிவித்து 2010 மார்ச்சில் முடித்தார்கள். அப்போதும் நல்ல விலை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நல்ல விலைதான். ஆனால் விளையும் வயலை விற்றுக் கடனை அடைத்தவர் அடுத்த வருடச் செலவுக்கு எங்கே போவார்? 2012இல் ஔரங்காபாத்தில் இருந்த மருந்து மூலப்பொருள் பிரிவையும் அதே ஹாஸ்பிராவுக்கு விற்க ஒப்பந்தம் போட்டார்கள். அது முடிய 2014 ஆகிவிட்டது. 2017இல் கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போனது. 2020இல் தனுகா லேபரட்டரீஸ் எடுத்துக்கொண்டபோது பழைய பங்குதாரர்களின் மூலதனம் பெருமளவு வெட்டப்பட்டுவிட்டது. இரண்டு முறையும் விலையில் குறை சொல்ல முடியாது. விற்ற பிறகு மிஞ்சிய தொழிலின் லாபம், மிஞ்சிய கடனின் வட்டியைத் தாங்குமா என்ற ஒரு கணக்கை 2010லேயே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். கடனில் இருக்கும் கம்பெனி தன் நல்ல பிரிவை விற்கும்போதெல்லாம் நான் முதலில் போடும் கணக்கு இதுதான். தாங்காது என்று தெரிந்தால், எவ்வளவு நல்ல விலையானாலும் அந்தப் பங்கில் இருக்க எனக்கு மனம் வராது.

வாங்குபவர் யார் என்பதையும் ஒரு தடவை பாருங்கள். வெளியாள் என்றால் விலை பேரத்தில் வந்த விலை. புரமோட்டரின் (கம்பெனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரின்) குடும்பக் கம்பெனி, அல்லது அவர்கள் பங்கு வைத்திருக்கும் கம்பெனி என்றால், விற்பவரும் வாங்குபவரும் ஒரே மேசையில் ஒரே பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது மதிப்பீட்டு அறிக்கையை வரி வரியாகப் படிக்க வேண்டும். இதே துறையில் மற்ற விற்பனைகள் லாபத்தில் எத்தனை மடங்குக்கு நடந்தன என்று ஒப்பிட வேண்டும். வெளியாளுக்கு விற்கும்போதும், போட்டிக்கு வர மாட்டோம் என்ற உறுதிக்காகப் புரமோட்டருக்குத் தனியாகப் பணம் போகிறதா என்று பாருங்கள். கம்பெனிக்கு வர வேண்டிய விலையின் ஒரு பகுதி அந்த வழியாகப் போய்விடலாம். கம்பெனியின் பங்குப் பரிவர்த்தனையை ஒட்டிப் புரமோட்டரோ இயக்குநரோ வெளியாளிடமிருந்து தனிப் பலன் பெற ஒப்பந்தம் போட்டால், அதற்கு இயக்குநர் குழுவின் ஒப்புதலும் பொதுப் பங்குதாரர்களின் ஒப்புதலும் வேண்டும் என்பது செபியின் விதி.

இப்போது உங்கள் வாக்கு. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 180இன்படி, நிகர மதிப்பில் 20 சதவீதத்துக்கு மேல் முதலீடு உள்ள அல்லது மொத்த வருமானத்தில் 20 சதவீதம் தரும் தொழிலை முழுதாகவோ, அதன் மதிப்பில் 20 சதவீதத்துக்குக் குறையாத பகுதியாகவோ விற்கச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். எதிர் வாக்கைப் போல மூன்று மடங்காவது ஆதரவு வாக்கு விழ வேண்டும். புரமோட்டர் கையில் 60, 70 சதவீதம் இருந்தால் இது வெறும் சடங்காகத்தான் இருந்தது. 2023இல் செபி 37ஏ என்று ஒரு விதியைச் சேர்த்தது. அதன்படி பொதுப் பங்குதாரர்களின் வாக்கைத் தனியாக எண்ணி, அதிலும் எதிர்ப்பைவிட ஆதரவு கூடுதலாக இருந்தால்தான் தீர்மானம் செல்லும். விற்பனையின் நோக்கத்தையும் பணம் எதற்குப் போகிறது என்பதையும் விளக்க அறிக்கையில் எழுத வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. சிறு முதலீட்டாளருக்கு இது நிஜமான பலம். நாம்தான் அதைப் பயன்படுத்துவதில்லை. தபால் வாக்கு என்று பெயர் இருந்தாலும் டீமேட் கணக்குகளைப் பராமரிக்கும் என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் தளத்தில் ஐந்து நிமிட வேலை. 30 நாள் அவகாசம் இருக்கும். அறிவிப்பில் சொன்ன தகுதித் தேதியில் பங்கு உங்கள் கணக்கில் இருந்தால் போதும். ஐஐஏஎஸ், எஸ்இஎஸ், இன்கவர்ன் போன்ற வாக்கு ஆலோசனை நிறுவனங்கள் பெரிய விற்பனைகளைப் பற்றிக் கருத்துச் சொல்வது உண்டு. கிடைத்தால் படித்துப் பாருங்கள், அவர்கள் எழுப்பும் கேள்விகள் பயன்படும்.

ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இந்த வகை விற்பனையில் எதிர்த்து வாக்களித்தவருக்கு வெளியேற என்று தனி விலை கிடையாது. தொழிலைத் தனிக் கம்பெனியாகப் பிரிக்கும்போது, ஐடிசி 2025 ஜனவரியில் ஹோட்டல் பிரிவைப் பிரித்துப் பத்துப் பங்குக்கு ஒன்று கொடுத்த மாதிரி, புதுப் பங்கு உங்கள் கைக்கே வரும். எதை வைப்பது எதை விற்பது என்று நீங்களே முடிவு செய்யலாம். ரொக்க விற்பனையில் அந்த உரிமை நிர்வாகத்திடம் போய்விடுகிறது. பிடிக்கவில்லை என்றால் சந்தையில் விற்பதுதான் வழி.

சரி, வைப்பதா விற்பதா? மேலே சொன்ன முறையில் பங்குக்கு நிஜமாக மிஞ்சும் ரொக்கத்தைக் கணக்கிடுங்கள். மிஞ்சிய தொழிலின் லாபத்துக்கு, பொதுச் செலவைக் கழித்துவிட்டு, அதே துறையின் சின்னக் கம்பெனிகளுக்குச் சந்தை கொடுக்கும் மடங்கை வைத்து ஒரு மதிப்புப் போடுங்கள். இரண்டையும் கூட்டினால் வருவது இன்றைய விலையைவிடக் கணிசமாகக் கூடுதல், நிர்வாகமும் இதுவரை பணத்தைப் பொறுப்பாகக் கையாண்டிருக்கிறது என்றால் வைத்திருக்கலாம். கடந்த பத்து வருடத்தில் அவர்கள் வாங்கிய கம்பெனிகள் என்ன ஆயின என்று பழைய ஆண்டறிக்கைகளில் தேடினால் அந்தப் பொறுப்பு தெரிந்துவிடும். வாங்கியதை எல்லாம் மூன்றாம் வருடம் மதிப்புக் குறைத்து எழுதியவர்கள் கையில் பெரிய ரொக்கம் சேர்வது எனக்குப் பயத்தைத்தான் தரும். அந்த ரொக்கத்துக்கு நான் முழு மதிப்புப் போட மாட்டேன்.

இணையதளங்களில் தெரியும் பிஇ விகிதத்தை (பங்கு விலை, பங்குக்கு வரும் லாபத்தில் எத்தனை மடங்கு என்பதை) விற்பனை நடந்த வருடம் முழுக்க நம்பாதீர்கள். பிரமல் ஹெல்த்கேரின் 2010-11 நிகர லாபம் 12,000 கோடியைத் தாண்டியது. அது ஒரே ஒரு தடவை வந்த லாபம். அந்த எண்ணை வைத்துப் பங்கு மலிவு என்று சொன்னால் அதில் அர்த்தமே இல்லை. லாப நட்டக் கணக்கில் தொடரும் தொழில், நிறுத்தப்பட்ட தொழில் என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள், முதலாவதை மட்டும் எடுங்கள். சிறப்பு டிவிடெண்ட் வந்த வருடத்தின் டிவிடெண்ட் விகிதமும் அப்படித்தான்.

பணம் எந்த வடிவில் திரும்பி வருகிறது என்பதால் உங்கள் வரியும் மாறும். 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்ட் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து உங்கள் வரி விகிதத்தில் வரி கட்ட வேண்டிய தொகை. 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 100 ரூபாய் டிவிடெண்டில் 70 ரூபாய்கூட மிஞ்சாது. டிவிடெண்ட் தேதிக்கு முன்பே பங்கை விற்றால் அதே மதிப்புக்கு மூலதன ஆதாய வரிதான் வரும், அது பலருக்குக் குறைவு. பைபேக் வரி விதி 2024 அக்டோபரில் மாறியது, அந்தந்த வருட விதியை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய சிறப்பு டிவிடெண்ட் அறிவித்த கம்பெனியில் இருந்து எப்படியும் வெளியே வரப் போகிறீர்கள் என்றால், இந்தக் கணக்கை எக்ஸ்-டிவிடெண்ட் தேதிக்கு (அன்று முதல் வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடையாது) முன்னால் போட்டுவிடுங்கள். அந்தத் தேதி வந்துவிட்டால் டிவிடெண்டும் அதற்கான வரியும் உங்களுடையதாகிவிடும்.